ராணுவ முகாமில் ஒரு மேயர்!

மேயர்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது ஃப்ரெண்ட்ஸ்? பந்தாவா ஒரு கார், முன்னும் பின்னும் நாலு பேர், கழுத்து நிறைய மாலை... அப்படித்தானே? மெக்ஸிகோவின் டிஹுவானா நகர மேயர் ஒருத்தர், உயிருக்குப் பயந்து ராணுவ முகாமில் குடியேறினார். பெயர், மோன்செராட் கபயேரோ.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரத்தை ஒட்டி இருக்கிற எல்லை ஊர் டிஹுவானா. 2020 கணக்கெடுப்பில் 19 லட்சம் பேர். எல்லை தாண்டி அங்கே போதைப்பொருள் போகும். அங்கிருந்து துப்பாக்கி வரும். நடுவுல கும்பல்களுக்குள்ளே தீராத சண்டை.

ஒஹாகா மாநிலத்தில் பிறந்து, சட்டம் படிச்சு வக்கீலான மோன்செராட், 2019-ல் பாஹா கலிஃபோர்னியா மாநில சட்டமன்ற உறுப்பினர் ஆனார். 2021 அக்டோபரில் மேயர். டிஹுவானா மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் பெண் மேயர்!

வக்கீல் கையில் நகரம். இனி எல்லாம் சரியாகிடுமா? 2022 ஆகஸ்ட்டில் கும்பல்கள் வண்டிகளை நடுத்தெருவில் கொளுத்தின. மேயர் கேமரா முன்னாடி வந்து, 'உங்க கணக்கை பாக்கி வெச்சவங்ககிட்ட தீர்த்துக்கோங்க, ஜனங்களை விட்டுடுங்க' என்கிற ரீதியில் அவங்ககிட்டயே பேசினார். சட்டம் படிச்சவர் பேசற பேச்சா இதுன்னு கண்டனம் பறந்தது. நியாயமான கேள்விதான்.

ஆனா, இன்னொரு பக்கத்தையும் பாருங்க. மெக்ஸிகோவில் இந்த மாதிரி கும்பல் குற்றங்களை விசாரிப்பது மத்திய அரசின் பொறுப்பு. மேயர்கிட்ட இருப்பது நகர போலீஸ் மட்டும்தான். பதவிக்காலமோ மூணே வருஷம். அதிகாரம் கொஞ்சம், ஆத்திரத்துக்கு முதல் இலக்கு மட்டும் அவர்!

2023 மே மாதம் அவரோட பாதுகாவலர் மேல் துப்பாக்கிச் சூடு. ஆள் தப்பிச்சுட்டார். ஜூனில், ராணுவ முகாமுக்குக் குடிபோவதா அறிவிச்சார் மேயர். 1,700 துப்பாக்கிகளைப் பறிமுதல் பண்ணினதால் வந்த மிரட்டல்னு காரணம் சொன்னார்.

அதே நவம்பரில், கடத்தல்காரர்களைப் புகழ்ற பாட்டுகளைப் பொது நிகழ்ச்சிகளில் பாட நகர சபை தடை போட்டது. மீறினா 12 லட்சம் பெசோ வரைக்கும் அபராதம். பாட்டை நிறுத்த முடிஞ்ச மேயரால், சொந்த வீட்டில் நிம்மதியா தூங்க முடியலை! 2024 செப்டம்பரோடு பதவி முடிஞ்சது.

லா காலேஜ் நண்பர்களே, சட்டம் தெரிஞ்ச ஒருத்தர் நாற்காலியில் உட்கார்ந்தா மட்டும் போதாது. போலீஸ், கோர்ட், அரசாங்கம்னு மொத்தமும் பின்னாடி நிக்கணும். மேயரே பயந்து ஒதுங்கற ஊரில், காய்கறி விக்கிறவர் யாரை நம்பி கடையைத் திறப்பார்? யோசிங்க!