கல் குவாரியும் கழுவு ஜலமும்

செங்கற்பட்டு, காஞ்சிபுரம் ஜில்லாக்களில் கல் குவாரியும் அதனையடுத்து எம்.சாண்ட் ஆலையும் நடத்த விரும்புவோர் சர்க்காரிடம் அநுமதி கோரும்போது, மணல் கழுவிய ஜலத்தைச் சுத்தி செய்து மீண்டும் உபயோகிப்போம், வெளியே ஒரு சொட்டும் விடமாட்டோம் என்று எழுதிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அநுமதிப் பத்திரத்திலும் அவ்வாசகமே ஒரு நிபந்தனையாக இடம் பெறுவதுண்டு. நோக்கம் நல்லதே. கோடை வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்து நிற்கும் தாம்பரம், பல்லாவரம், பம்மல் வாசிகளில் எவரும் ஜலத்தை மீண்டும் உபயோகிப்பதை ஆட்சேபிக்க மாட்டார். நாமும் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அந்த ஒற்றை வாசகம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை ஜனங்கள் அறிந்துகொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

முதலில் மணலைக் கழுவுவானேன் என்று நேயர்கள் கேட்கக்கூடும். பாலாற்று மணலை அள்ளி அள்ளிப் படுகையைப் பள்ளமாக்கிய கதை யாவரும் அறிந்ததே. ஆற்று மணல் குவாரிகளை மூன்று வருஷங்களில் மூடி, கல்லை உடைத்துச் செய்யும் மணலைப் பழக்கத்துக்குக் கொண்டு வரப்போவதாக 2017 மே மாதத்தில் அப்போதைய முதல் மந்திரி எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். 2023ல் தமிழ்நாட்டு சர்க்கார் இந்த மணலுக்கென்றே ஒரு கொள்கையும் வெளியிட்டார்கள். இது சரியான வழி என்பதே நமது அபிப்பிராயம். எனினும் கல்லை யந்திரத்தில் இட்டு உடைத்தால் மணல் மட்டும் கிடைப்பதில்லை. மாவு போன்ற தூளும் கூடவே வருகிறது. அத்தூள் மிகுந்தால் காங்கிரீட்டுக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்பட்டு அதன் வலிமை குறையும். ஆகவே 75 மைக்ரான் சல்லடையில் இறங்கிவிடும் தூள், உடைத்த மணலில் நூற்றுக்கு 15 பங்குக்கு மேற்படலாகாது என்று இந்தியத் தர நிர்ணயம் 383, அதன் 2016ம் வருஷத்துப் பதிப்பில் வரம்பு கட்டியிருக்கிறது. மிகுதித் தூளை நீக்கவே மணலைக் கழுவுகிறார்கள். கழுவினால் ஆலையில் தூசி பறப்பதும் குறைகிறது. அங்கே வேலை செய்யும் தொழிலாளிகளின் நுரையீரலுக்கு அது பேருபகாரம்.

இனிக் கழுவிய ஜலத்தின் கதி என்ன? தொட்டியில் தேக்கி வைத்தால் தூள் அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்த ஜலத்தை இறைத்துக்கொள்ளலாம் என்பது எளிதாகச் சொல்லப்படும் யோசனை. பருமனான தூள் விஷயத்தில் அது மெய்யே. 75 மைக்ரான் பருமனுள்ள கல் துகள் அசைவற்ற ஜலத்தில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க மூன்று, நான்கு நிமிஷங்கள் போதும். 10 மைக்ரான் துகளுக்கு மூன்று மணி நேரம் வேண்டும். 1 மைக்ரான் துகளோ அதே ஆழத்தை இறங்கப் பதின்மூன்று நாட்கள் எடுத்துக்கொள்ளும். துகளின் பருமன் பத்திலொன்றானால் இறங்கும் வேகம் நூறிலொன்றாகிறது; இது பெளதிக சாஸ்திரம் படித்த மாணாக்கர் எவரும் கணக்கிட்டுச் சொல்லக்கூடிய விஷயம். நாள் முழுவதும் யந்திரம் ஓடும் ஆலையில் பதின்மூன்று நாள் காத்திருக்க எவருக்குப் பொறுமை இருக்கிறது? ஆகையால்தான் நவீன ஆலைகளில் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துத் திரட்டும் பாலி அக்ரிலமைடு என்னும் மருந்தைச் சேர்த்து, கூம்பு வடிவமான பெருந்தொட்டியில் சேற்றை இறக்கி, பின்பு அதைப் பிழியும் யந்திரத்தில் அழுத்திக் கட்டியாக எடுக்கிறார்கள். இவ்வளவும் செய்தால் ஜலத்தில் பெரும் பகுதி திரும்பக் கிடைக்கும். இவற்றில் ஒன்றும் செய்யாமல், மண்ணில் இரண்டு குழிகளைத் தோண்டி அவற்றுக்குச் சுத்திகரிப்பு நிலையம் என்று பெயரிட்டாலும், காகிதத்தில் வாசகம் ஒன்றேதான்!

பெரும் பகுதி என்றோமேயன்றி முழுவதும் என்று சொல்லவில்லை. உதாரணத்துக்காக நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆலை நாளொன்றுக்கு 500 டன் மணல் கழுவுவதாக வைத்துக்கொள்வோம். வெளிவரும் மணலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஈரம் தங்கினாலும் 50,000 லிட்டர் தண்ணீர் டிப்பர் லாரியில் ஏறிப் போய்விடுகிறது. நீக்கிய தூள் 50 டன் என்றும், பிழியாத சேற்றில் தூளின் எடையளவு தண்ணீர் நிற்கிறதென்றும் கொண்டால், இன்னும் 50,000 லிட்டர். ஆக, மறு உபயோகம் ஒழுங்காக நடக்கும் ஆலையிலும் தினந்தோறும் ஒரு லக்ஷம் லிட்டர் புது ஜலம் சேர்க்க வேண்டும். 12,000 லிட்டர் கொள்ளும் டாங்கர் லாரிகள் எட்டுக்கு மேல். அது எந்தக் கிணற்றிலிருந்து, எந்தப் போரிலிருந்து, எவருடைய ஏரியிலிருந்து வருகிறது? வெளியே விடமாட்டோம் என்ற வாக்குறுதியில் இக்கேள்விக்கு விடை இல்லை; அது வெளியே போகும் ஜலத்தைப் பற்றியதே தவிர உள்ளே வரும் ஜலத்தைப் பற்றியதன்று.

சேற்றின் கணக்கு இதனினும் பெரிது. நாளொன்றுக்கு 50 டன் என்றால், வருஷத்தில் 300 நாள் வேலைக்கு 15,000 டன். ஜலம் திரும்பி வரலாம். சேறு திரும்பி வராது. அதை எங்கேனும் கொட்டியே தீரவேண்டும். கொட்டுவதற்குக் கூலியில்லாத இடம் எது என்று தேடினால் கண்ணுக்கு முதலில் படுவது பக்கத்தில் வெட்டிப் போட்டுக் கைவிட்ட பழைய குவாரிப் பள்ளமே.

இங்குதான் சென்னைத் தென்புறத்து ஜனங்கள் விழித்துக்கொள்ள வேண்டும். பல்லாவரத்துக் கல் பூர்விகப் பெருமை உடையது. 1863 மே 30ந் தேதி ராபர்ட் புரூஸ் பூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி ஆதி மனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில்தான். இவ்வட்டாரத்துக் கருங்கல்லுக்கு உலகமெங்கும் வழங்கும் சார்னோகைட் என்ற பெயர், கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் சமாதிமேல் கிடக்கும் கல்லிலிருந்து வந்தது. பெருமை இருக்கட்டும். அந்தக் கல்லை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உடைத்து ரயில் பாதைக்கும் ரஸ்தாவுக்கும் மாளிகைக்கும் கொண்டுபோனவர்கள் நமக்கு விட்டுச் சென்றவை திரிசூலம், பம்மல், எருமையூர், சிக்கராயபுரம் பக்கங்களில் உள்ள ஆழமான பள்ளங்கள். மழை ஜலம் அவற்றில் நிரம்பியது. 2017ல் ஏரிகள் வறண்டபோது சென்னைக் குடிநீர் வாரியத்தார் சிக்கராயபுரத்துக் குவாரிகளிலிருந்து ஜலத்தை இறைத்துச் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்தின் மூலம் நகரத்துக்கு வழங்கினார்கள். 2019ல் மறுபடியும் பஞ்சம் வந்து, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் தண்ணீர் வந்ததை நேயர்கள் மறந்திரார். அவ்வருஷமும் குவாரி ஜலம் கைகொடுத்தது. சிக்கராயபுரத்தோடு எருமையூர்ப் பள்ளங்களும் உதவிக்கு வந்தன. கைவிடப்பட்ட குழி என்று ரிக்கார்டில் எழுதியிருந்தாலும் அவை நமது ஏரிகளே. அவற்றில் ஒன்றில் சேற்றைக் கொட்டிவிட்டால், நுண்ணிய தூள் அடியிலும் பக்கங்களிலும் உள்ள பாறை வெடிப்புகளை மெழுகினாற்போல் அடைத்து, சுற்றுக் கிணறுகளுக்கு ஊறும் வழியையும் மறித்துவிடும். பள்ளமும் தூர்ந்துபோகும். அடுத்த பஞ்சத்தில் எதை இறைப்பது?

சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 2006 செப்டம்பர் 14ந் தேதி அறிவிக்கையின் அட்டவணையில் சுரங்கம் தோண்டுதல் இருக்கிறது. ஆகவே குவாரிக்குச் சுற்றுச்சூழல் அநுமதி வேண்டும். கல் உடைத்து மணல் கழுவும் ஆலையோ அவ்வட்டவணையில் இல்லை. 1974ம் வருஷத்து ஜல மாசுத் தடுப்புச் சட்டத்தின் கீழும் 1981ம் வருஷத்து வாயு மாசுத் தடுப்புச் சட்டத்தின் கீழும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சம்மதம் பெற்றால் அதற்குப் போதும். கல்லை வெட்டும் குழியை ஓர் ஆணையம் பார்க்கிறது. அக்கல்லைக் கழுவும் தொட்டியை வேறொரு வாரியம் பார்க்கிறது. முதலாளி ஒருவர், நிலம் ஒன்று, ஜலம் ஒன்று. கண்கள் மட்டும் இரண்டு, அவையும் வெவ்வேறு திக்கை நோக்குகின்றன. சேறு இவ்விரண்டுக்கும் நடுவே நழுவிப்போவதில் வியப்பென்ன?

ஆனால் சட்டத்தில் ஆயுதம் இல்லாமற் போகவில்லை. 1974ம் வருஷத்துச் சட்டத்தின் 24வது பிரிவு, மாசு உண்டாக்கும் பொருளை ஓடையிலோ கிணற்றிலோ அறிந்தே விடுதலைத் தடுக்கிறது. ஓடை என்பதற்கு அதே சட்டத்தின் 2வது பிரிவு தரும் அர்த்தத்தில், இயற்கையானாலும் செயற்கையானாலும் உள்நாட்டு நீர்நிலை எதுவும் அடங்கும்; நிலத்தடி ஜலமும் அடங்கும். மனிதன் வெட்டி மழை நிரப்பிய குவாரிப் பள்ளம் செயற்கை நீர்நிலை அல்லாமல் வேறென்ன? ஆகவே அதில் கழுவு சேற்றை விடுவது மண் கொட்டுவது போன்ற சாமானிய காரியம் அன்று, சட்ட விரோதம் என்று வாதிக்க நல்ல இடம் இருக்கிறது. இவ்வாதத்தை அதிகாரிகள் எடுத்தாள வேண்டுமென்று நாம் வற்புறுத்துகிறோம்.

ஜனங்களின் குரலுக்கு இடம் உண்டா என்பது அடுத்த கேள்வி. 5 ஹெக்டேருக்குட்பட்ட சிறு குத்தகைகள் நெடுங்காலம் அநுமதியே இல்லாமல் நடந்தன. பெரிய நிலத்தைத் துண்டு துண்டாக்கிக் குத்தகை எடுக்கும் தந்திரம் அதனால் வளர்ந்தது. ஹரியானா வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் 2012 பிப்ரவரி 27ந் தேதி அதற்கு முடிவு கட்டிற்று. அடுத்தடுத்துள்ள குவாரிகளைக் கொத்தாகச் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்ற விதி 2016ல் வந்தது. 2018 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பின், கொத்தின் பரப்பு 5 ஹெக்டேரை எட்டினால் பொது விசாரணையும் உண்டு. இவை யாவும் நன்மையே. எனினும் விசாரணைக்கு வரும் கிராமத்தார் கையில் கிடைப்பது தமிழில் ஒரு சுருக்கம்; தொட்டியின் அளவும் சேற்றின் கணக்கும் அடங்கிய பெரிய அறிக்கை ஆங்கிலத்தில். அவ்விஷயங்களைப் படிக்க முடியாதவன் எதை ஆட்சேபிப்பான்? 2020ல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த புதிய அறிவிக்கையின் நகலை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 பாஷைகளிலும் வெளியிடும்படி டில்லி ஹைகோர்ட் ஜூன் 30ந் தேதி உத்தரவிட்டது. தேசம் முழுவதற்குமான சட்டத்துக்கு அந்த நியாயம் பொருந்துமானால், எருமையூர்க் குடியானவனின் கிணற்றைத் தொடும் அறிக்கைக்கு ஏன் பொருந்தலாகாது?

பிழியும் யந்திரம் விலையுயர்ந்தது, சிறு ஆலைக்காரர் தாங்கமாட்டார் என்று ஒரு சமாதானம் சொல்லப்படும். தொழிலை நசுக்க வேண்டுமென்பது நமது எண்ணமன்று. ஒரே கொத்திலுள்ள நான்கு ஆலைகள் சேர்ந்து ஒரு யந்திரம் வைத்துக்கொள்வதை எவர் தடுக்கிறார்கள்? மணலை லாபத்துக்கு விற்றுவிட்டுச் சேற்றை மட்டும் ஊர்ப் பொதுவுக்கு விடுவதைத்தான் மறுக்கிறோம். ஸ்பெயினில் 1998ல் அஸ்னால்கோயர் சுரங்கத்தின் கழிவுக் குளம் உடைந்தது. 2000ல் ருமேனியாவில் பாயா மாரேயில் மற்றொன்று உடைந்தது. அவை கொடிய விஷங்கள். நமது கல் தூள் அப்படிப்பட்டதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அதன் பிறகு ஐரோப்பியர் 2006ல் செய்த சட்டம் கல் குவாரிக் கழிவையும் விட்டுவைக்கவில்லை. சேறு எங்கே போகும் என்ற திட்டத்தை முன்கூட்டியே கேட்கிறது. திரட்டும் மருந்து விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும்: அதில் எஞ்சி நிற்கக்கூடிய அக்ரிலமைடு குடிநீரில் லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு. பக்கத்துக் கிணறுகளில் இதைச் சோதிக்கும்படி நிபந்தனை விதிக்க வேண்டும்.

சர்க்கார் செய்யக்கூடியது கடினமானதன்று. குவாரியையும் கழுவும் ஆலையையும் ஒரே மனுவாக விசாரிக்கட்டும். உள்ளே வரும் ஜலத்துக்கும் தொட்டியிலிருந்து திரும்பும் ஜலத்துக்கும் தனித்தனி மீட்டர் வைத்து, சேற்றுக்கு இடமும் டன் கணக்கும் எழுதி வாங்காமல் அநுமதி கொடுக்க வேண்டாம். எருமையூர், சிக்கராயபுரம் போன்ற பள்ளங்களை நீர்நிலைகளாகப் பதிந்து, அவற்றைச் சுற்றி எல்லை நாட்டட்டும். 2021 நவம்பரில் ஏற்பட்ட தாம்பரம் கார்ப்பரேஷனும் தன் எல்லைக்குள் அகப்படும் பழைய குவாரிகளின் ஜாபிதா ஒன்று தயாரிக்கலாம். வீட்டு வரி ஜாபிதா தயாரிப்பதில் காட்டும் சுறுசுறுப்பில் பாதி போதும்.

ஊழியர்களாகிய நமது நேயர்களுக்கும் வேலை இருக்கிறது. அநுமதி பெற்றவர் ஆண்டுதோறும் ஜூன் 1ந் தேதியும் டிசம்பர் 1ந் தேதியும் நிபந்தனைகளை நிறைவேற்றியதைப் பற்றி அறிக்கை கொடுக்க வேண்டுமென்பது 2006ம் வருஷத்து அறிவிக்கையின் விதி. அவ்வறிக்கைகள் ரகசியமல்ல, பொது ஜனங்கள் பார்க்கத்தக்கவை. கிடைக்காவிடில் 2005ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டுப் பெறலாம். டிசம்பர் அறிக்கையை வாங்கி, ஜலக் கணக்கையும் சேற்றுக் கணக்கையும் தமிழில் எழுதி, மார்ச் 22ந் தேதி உலக ஜல தினத்தன்று கூடும் கிராம சபையில் உரக்கப் படியுங்கள். கணக்கு எழுதப்படாத இடங்களில், மறுநாளே போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.