கறுப்புத் திரைக்குள் ஒரு அச்சகம்

மார்ச் மாதம் பிறந்தால் ஊட்டி, குன்னூர் பக்கம் டி.டி.பி. கடைகளுக்குக் கொண்டாட்டம்தான். இறுதியாண்டு பி.காம். மாணவர்கள் பென் டிரைவும் கையுமாக நிற்பார்கள். எல்லாம் புராஜெக்ட் அறிக்கை படுத்தும் பாடு! நடுவில் ஒரு அட்டவணையை நுழைத்தால் பின்னால் உள்ள பக்க எண்களெல்லாம் நகர்ந்துவிடும். பொருளடக்கம் மட்டும் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். கைடு சிவப்பு மையால் சுழித்துத் தருவார். மறுபடியும் கடை, மறுபடியும் காசு.

இதற்கு மாற்று இல்லையா? இருக்கிறது. பெயர் டெக்.

1977-ல் டொனால்ட் க்னூத் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் தன் புத்தகத்தின் மறுபதிப்புக்கு வந்த மெய்ப்பைப் பார்த்து நொந்துபோனார். புதிய அச்சுமுறையில் கணித எழுத்துகள் அவ்வளவு மோசமாக இருந்தன. வேறொருவராக இருந்தால் பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பார். இவர் மென்பொருளே எழுத உட்கார்ந்துவிட்டார். ஒரு வருடத்தில் முடியும் என்று நினைத்த வேலை ஏறக்குறைய பத்து வருடம் இழுத்தது. முடித்ததும் இலவசமாகக் கொடுத்துவிட்டார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் கட்டிய எளிய வடிவம்தான் லாடெக்.

வேலை செய்யும் விதம் எளிது. நோட்பேடில் விஷயத்தை எழுத வேண்டும். இது அத்தியாயத் தலைப்பு, இது அட்டவணை என்று சிறு கட்டளைகளால் குறிக்க வேண்டும். பிறகு கறுப்புத் திரையில் ஒரே வரி: மென்பொருளின் பெயர், கோப்பின் பெயர், எண்டர். பி.டி.எஃப். தயார். முதல் ஓட்டத்தில் எந்தத் தலைப்பு எந்தப் பக்கத்தில் வந்தது என்று ஒரு துணைக் கோப்பில் குறித்துக்கொள்ளும். இன்னொரு முறை ஓட்டினால் அதைப் படித்துப் பொருளடக்கத்தைத் தானே நிரப்பும். கைடு சுழிக்க வழியே இல்லை.

வேர்டிலும் தானாகப் பொருளடக்கம் போடலாமே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் குன்னூர் தேயிலை ஏலத்தைப் பற்றி அறிக்கை எழுதும் மாணவரை நினைத்துப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு சராசரி விலை என்றாலும் வருடத்துக்கு 52 வரிகள், ஐந்து வருடத்துக்கு 260. இலைத்தூள், டஸ்ட் என்று பிரித்தால் 520. எக்செல் கணக்கை எளிய உரைக்கோப்பாகச் சேமித்தால் லாடெக் அதை நேரடியாகப் படித்து அட்டவணை ஆக்கும். விலை திருத்தப்பட்டால் கோப்பை மாற்றி மறுபடி ஓட்டினால் போதும்.

தமிழ் வருமா? பல காலம் அது பெரும் பாடாகத்தான் இருந்தது. 2004-ல் ஜோனதன் க்யூ ஸீடெக்கை வெளியிட்ட பிறகு யூனிகோடில் அடித்த தமிழை லோகித் போன்ற இலவச எழுத்துருவில் அப்படியே அச்சிடலாம் என்றாகிவிட்டது. பழைய டி.டி.பி. எழுத்துருக்களில் அடித்ததன் கதி என்ன? அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். காசு கொடுத்து அடித்தவருக்கே படிக்க முடியாது. வணிகவியல் பாஷையில் சொன்னால், சொத்து என்று நினைத்தது வாடகைப் பொருள். லாடெக் மூலமோ வெறும் உரை. எந்தக் கணினியிலும் திறக்கும்.

நீலகிரிக்கு இதில் தனி அக்கறை வேண்டும். படுக மொழியில் நாவை மடித்து ஒலிக்கும் உயிர்கள் இருப்பதை எமெனோ 1939-லேயே ஒரு கட்டுரையில் பதிவு செய்தார். தோடர் மொழியில் நாக்கு அதிரும் ர-ஒலிகளே மூன்று இடங்களில் பிறக்கின்றன. தமிழ் எழுத்து இவ்வளவையும் தாங்காது. எந்தக் கடையிலும் இதற்கு விசைப்பலகை கிடையாது. ஸீடெக்கில் ஒலிப்புக் குறிகளை நேரடியாக இடலாம். திரும்பத் திரும்ப வருவதற்குச் சொந்தமாக ஒரு கட்டளையும் வைத்துக்கொள்ளலாம். பாட்டி சொல்லும் கதையைப் பேரன் ஒலி மாறாமல் அச்சாக்க இதைவிட மலிவான வழி இல்லை.

குறைகளும் உண்டு. கல்யாணப் பத்திரிகைக்கும் போஸ்டருக்கும் இது சரிப்படாது. முழுத் தொகுப்பு பல ஜி.பி. அளவு. ஆனால் ஒருவர் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவந்தால் வகுப்பு முழுவதற்கும் போதும். உரிமச் செலவு பூஜ்யம். இதை வைத்தே தொழில் நடத்த முடியும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். கூடலூருக்கு அந்தப் பக்கம் கேரளம். வெளிநாட்டு அறிவியல் இதழ்களை டெக்கில் கோர்த்துத் தரும் நிறுவனங்கள் திருவனந்தபுரத்தில் இருக்கின்றன. 2002-ல் உலக டெக் பயனர்கள் மாநாடே அங்குதான் நடந்தது.

மலையில் உள்ள கல்லூரிகள் டேலி சொல்லித் தரும் அதே ஆய்வகத்தில் வாரம் ஒரு மணி நேரம் இதற்கும் ஒதுக்கலாம். புதுக் கணினி கேட்கவில்லை, புதுக் கட்டடமும் கேட்கவில்லை. முதல் நாள் பிழைச் செய்திகள் சரமாரியாக வரும். பயப்பட ஒன்றுமில்லை. எந்த வரியில் தடுக்கியது என்று எண் போட்டுச் சொல்லும். டி.டி.பி. கடையில் அதைக்கூடச் சொல்ல மாட்டார்கள் :-)