நல்ல தையலுக்கு அபராதமா?

(மூன்றாம் ஆண்டு, ஆடைத் தொழில்நுட்பப் பிரிவு)

கிறிஸ்துமஸ் தாத்தா போடுகிறாரே சிவப்பு அங்கி, அது உடுப்பா, பண்டிகைச் சாமானா? "இதெல்லாம் ஒரு கேள்வியாப்பா?" என்று சிரிக்காதீர்கள். இந்தக் கேள்விக்காக அமெரிக்காவில் ஒரு கம்பெனி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2019-ல் தோற்றது.

ரூபீஸ் காஸ்ட்யூம் என்ற அந்தக் கம்பெனி இறக்குமதி செய்த பெட்டியில் ஒன்பது உருப்படிகள். மேல்கோட்டு, கால்சட்டை, தொப்பி, பெல்ட், கையுறை, ஷூ உறை, டோப்பா, தாடி, பரிசு மூட்டை. சுங்கத்துறை இதைக் கூறு போட்டது. தாடி, டோப்பா போன்றவை பண்டிகைச் சாமான், தலைப்பு 9505, வரி இல்லை. மேல்கோட்டு 6110-ல் போய் 32 சதவீதம். கால்சட்டை 6103, அதற்கு 28.2. கையுறைக்கு 18.6, மூட்டைக்கு 17.6. ஒரே வேஷம், ஒரே பெட்டி!

இந்த நம்பர்கள் நமக்கும் அந்நியமில்லை. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி பில்லிலும் 6103, 6110 இருக்கும். சரக்குக் குறியீட்டில் முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். அதற்கப்புறம் இந்தியா எட்டு வரை போகும், அமெரிக்கா பத்து வரை போகும்.

சரி, அங்கி ஏன் உடுப்பாச்சு? ஜிப் இருக்கிறது, உள்ளே லைனிங் இருக்கிறது, தையல் கெட்டி, டிரை கிளீன் பண்ணி மறுபடி மறுபடி போடலாம். ஆகவே உடுப்பு! 2003-ல் சூனியக்காரி, கடல் கொள்ளைக்காரன், கோமாளி வேஷங்கள் பற்றி இதே மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவை நைந்த துணி, உழைக்காது, சாதாரண உடுப்பாக யாரும் போடமாட்டார்கள். ஆகவே பண்டிகைச் சாமான், வரி இல்லை. அந்த வழக்கைப் போட்டதும் இதே ரூபீஸ்தான். அன்றைக்கு உள்நாட்டு உற்பத்தியாளர் என்ற முறையில், 'இறக்குமதி வேஷமெல்லாம் உடுப்புதான், வரி போடு' என்றார்கள். பிறகு தாங்களே இறக்குமதி செய்த அங்கிக்கு வரி வந்ததும், 'இது பண்டிகைச் சாமான்' என்றார்கள். இரண்டிலும் தோல்வி. எனக்கு அவர்கள் மேல் பெரிய இரக்கமில்லை.

என் வருத்தம் தைப்பவருக்காக. என் அப்பா தையல்காரர். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். உள்பக்கத் தையல் வெளியே தெரியாதுதான், ஆனாலும் அதைப் பிரித்துத் திரும்பப் போடுவார் அப்பா. இந்தச் சட்டப்படி பார்த்தால் அந்தத் தையலே வரியை ஏற்றும் குற்றம். கணக்குப் பார்க்கும் வியாபாரி என்ன செய்வார்? "லைனிங்கை எடு, ஜிப்புக்குப் பதில் நாடா வை, ஒரு ராத்திரிக்குத் தாங்கினால் போதும்" என்றுதானே ஆர்டர் கொடுப்பார்? கைத்திறன் உள்ளவனைப் பார்த்து "மட்டமாகத் தை" என்று சொல்ல வைக்கிற விதி எந்த நாட்டில் இருந்தாலும் தப்புதான்.

நீதிபதிகளைக் குறை சொல்லவில்லை. 95-ஆம் அத்தியாயத்தின் குறிப்பே துணியாலான மாறுவேட உடையை வெளியே தள்ளுகிறது. இன்னொரு பயமும் நியாயமானது. 'வேஷம்' என்று லேபிள் ஒட்டினாலே வரி இல்லை என்றால், நாளைக்கு எல்லா ஸ்வெட்டரும் வேஷமாகிவிடும். அதற்காகத் தையலின் கெட்டியை அளவுகோலாக்க வேண்டுமா? அந்தச் சிவப்பு அங்கியை மாட்டிக்கொண்டு யார் ஆபீசுக்குப் போகிறார்கள்? துணி வேஷங்களுக்கு, நைந்ததோ கெட்டியோ, தனியாக ஒரே தலைப்பும் ஒரே வரியும் வைக்கட்டும். நைந்ததற்குச் சலுகை போகும், ஸ்வெட்டர் தந்திரத்துக்கும் லாபம் குறையும். உலகச் சுங்க அமைப்பு இந்தப் பட்டியலை அவ்வப்போது திருத்துகிறது. 2022-ல் திருத்தியது, அடுத்தது 2028-ல் அமலுக்கு வருகிறது. அதற்கடுத்த திருத்தம் வருவதற்குள் நம்மில் சிலராவது ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக உட்கார்ந்திருப்போம்.