பழைய படகு போதும்; பலவீனமான படகு கூடாது!

கடலைக் கடந்து உலகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை கோடீசுவரர்களுக்கு மட்டும் உரியது அல்ல. இங்கிலாந்திலும், அமெரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும் சாதாரண மக்களே சிறிய பாய்மரப் படகில் ஏறிப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஓய்வு பெற்ற தம்பதிகள் போகிறார்கள். சிலர் பிள்ளை குட்டிகளையும் அழைத்துக்கொண்டு போகிறார்கள். வீடு, அடுப்பு, படுக்கை எல்லாம் அந்தப் படகுதான்!

புதுப் படகு வாங்க இவர்களிடம் பணம் கிடையாது. ஆகவே, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு கட்டிய சிறிய படகைத் தேடுகிறார்கள்.

"பழசை நம்பி நடுக்கடலுக்குப் போவதா?" என்று உறவினர்கள் பதறுகிறார்கள்.

பதற்றம் நியாயம்தான். ஆனால் அபாயம் படகின் வயதில் இல்லை. சோதித்துப் பார்க்காமல் வாங்குவதில் இருக்கிறது.

வயலில் கிடந்த படகு

தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோகம். அவர் சென்றது பழைய படகில்தான்.

1892-ம் ஆண்டு. கப்பல் தலைவராக இருந்த ஸ்லோகம் அப்போது வேலை இல்லாமல் இருந்தார். நண்பர் ஒருவர் "ஸ்ப்ரே" என்ற படகை அவருக்குக் கொடுத்தார். அமெரிக்காவில் பேர்ஹேவன் என்ற ஊரில், ஒரு வயலில் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த படகு அது. அதை உடைக்கத்தான் வந்திருக்கிறார் என்று ஊரார் நினைத்தார்கள்.

ஸ்லோகம் உடைக்கவில்லை. ஓக் மரத்தை வெட்டினார். உளுத்த கட்டைகளைக் கழற்றிவிட்டுப் புதிய கட்டைகளைப் பொருத்தினார். 13 மாதம் பாடுபட்டார். சாமான் செலவு 553 டாலர் 62 சென்ட். படகின் நீளம் 37 அடிகூட இல்லை.

1895 ஏப்ரலில் பாஸ்டன் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டார். 46,000 மைல் சுற்றி 1898 ஜூனில் ஊர் திரும்பினார்.

பழைய படகை அவர் அப்படியே நம்பிவிடவில்லை. கட்டை கட்டையாகப் பார்த்து மாற்றினார். இதைக் கவனிக்க வேண்டும்.

பம்பாய்த் தேக்கு

இன்னொரு படகு "சுஹைலி". பம்பாயில் இந்தியத் தச்சர்கள் தேக்கு மரத்தில் கட்டிய 32 அடிப் படகு. அதன் சொந்தக்காரர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர்.

1968-ல், எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் போட்டி இங்கிலாந்தில் நடந்தது. பெரிய புதுப் படகு கட்ட அவர் ஆசைப்பட்டார். பணம் கிடைக்கவில்லை. இருந்த சுஹைலியிலேயே புறப்பட்டார்.

வழியில் அடிப்பாகம் ஒழுகியது. கடலுக்குள் மூழ்கி, பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து அடைத்தார். போட்டியில் இறங்கியவர்கள் ஒன்பது பேர். சுற்றி முடித்து 1969 ஏப்ரலில் கரை சேர்ந்தவர் அவர் ஒருவரே! சுஹைலியின் வடிவம் பழைய பாணி, வேகம் குறைவு. ஆனால் உறுதி அதிகம். அதன் மூலை முடுக்கெல்லாம் அவருக்குத் தெரியும். பழுது பார்க்க இன்னொருவரைத் தேட வேண்டியதில்லை.

இந்தப் போட்டியின் நினைவாக 2018-லும் 2022-லும் போட்டிகள் நடந்தன. 1988-க்கு முன் வரைந்த வடிவங்களுக்கே அனுமதி. நீளம் 32 அடி முதல் 36 அடி வரை. இந்தியக் கடற்படையில் பணியாற்றிய அபிலாஷ் டோமி, 2022-ல் தொடங்கிய போட்டியில் இத்தகைய படகில் சென்று இரண்டாம் இடம் பெற்றார்.

சிறியது ஏன்?

படகு நீள நீளச் செலவும் நீளும். பாய் பெரிதாகும். நங்கூரம் கனக்கும். துறைமுகக் கட்டணம் ஏறும். புயலில் பெரிய பாயை இறக்கக் கணவன் மனைவி இருவரால் முடியாது. சிறிய பாயை ஒருவரே இறக்கிவிடலாம்.

சிறிய படகில் இடம் குறைவு என்பது உண்மை. தண்ணீரும் அரிசியும் அளவாகத்தான் கொண்டுபோக முடியும். அந்தக் கஷ்டத்தைச் சகிக்க மனம் வேண்டும்.

"சிறிய படகு புயலைத் தாங்குமா?" என்று கேட்கலாம். 1979-ல் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே பாஸ்ட்நெட் பந்தயம் நடந்தது. 303 படகுகள் புறப்பட்டன. பெரும் புயல் அடித்தது. பந்தயக்காரர்கள் 15 பேர் மாண்டார்கள். அந்தப் புயலில், மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்தது ஒன்றே ஒன்று. "அசென்ட்" என்ற 32 அடிப் படகு. அடிக்கனமும் உறுதியான உடலும் கொண்டது அது.

தஞ்சாவூர்ப் பொம்மையைச் சாய்த்தால் தானே நிமிர்ந்துகொள்கிறது அல்லவா? அடியில் கனம் இருப்பதே காரணம். படகுக்கும் அதே கணக்குதான்.

எதைப் பார்க்க வேண்டும்?

பழைய படகை விற்பவர் முதலில் புதுப் பெயின்ட் அடிப்பார். மெத்தைக்குப் புது உறை போடுவார். அதில் மயங்கக் கூடாது.

மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். பைபர் படகையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கலாம். "டங்" என்று கேட்டால் நல்லது. "தொப்" என்று கேட்டால் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது.

மேல்தளத்தில் நடந்து பார்க்க வேண்டும். பல படகுகளில் இரண்டு பைபர் தகடுகளுக்கு நடுவே மரம் வைத்திருப்பார்கள். தண்ணீர் புகுந்தால் அந்த மரம் அழுகிவிடும். அப்போது தளம் காலுக்கடியில் மெத்தை போல் அமுங்கும்.

அடியில் உள்ள இரும்பு அல்லது ஈயக் கட்டையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துரு ஏறியிருக்கிறதா? சுக்கான் ஆடுகிறதா? பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்கு வயது என்ன? ஒரு கம்பி அறுந்தால் பாய்மரமே முறிந்து விழக்கூடும். வயதான கம்பிகளை மாற்றிவிட்டுப் புறப்படுவதே புத்திசாலித்தனம்.

படகுகளைச் சோதிக்கும் சர்வேயர்கள் இருக்கிறார்கள். விற்பவர் காட்டும் ஆளை விட்டுவிட்டு, வாங்குபவர் தாமே ஒருவரை அமர்த்த வேண்டும். அந்தக் கூலியை மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது.

பணம் எப்படிப் போகிறது?

கையில் உள்ள பணம் முழுவதையும் படகு வாங்கவே கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. பிறகு பாய் வாங்கப் பணம் இராது. படகு கரையிலேயே கிடக்கும். அல்லது, கிழிந்த பாயோடு புறப்படுவார்கள். இது அதைவிட மோசம்.

கையில் உள்ளதில் பாதிக்குப் படகு. மீதிப் பாதி பழுதுக்கும் பாய்க்கும் கம்பிக்கும் என்று ஒதுக்க வேண்டும். கடன் வாங்கிய பெரிய புதுப் படகைவிட, கடன் இல்லாத சிறிய பழைய படகு குடும்பத்துக்கு நல்லது.

வாங்கிய பிறகும் வேலை முடிவதில்லை. ஸ்லோகம் 1909-ல் அதே ஸ்ப்ரேயில் மீண்டும் புறப்பட்டார். படகும் திரும்பவில்லை; அவரும் திரும்பவில்லை. காரணம் இன்றுவரை யாருக்கும் தெரியாது. உலகையே சுற்றி வந்த படகானாலும் கடல் அதற்குச் சலுகை காட்டுவதில்லை. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் போல்ட்டையும் கம்பியையும் புதிதாகப் பார்த்தே தீர வேண்டும். அந்தப் பொறுமை உள்ளவர்கள் பழைய படகைத் தாராளமாக வாங்கலாம். இல்லாதவர்கள் புதுப் படகில்கூடக் கடலுக்குப் போகாமல் இருப்பதே மேல்!