தொண்டு என்னும் சொல்லின் விலை

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த மே 12 உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படும் ஒவ்வோர் ஆண்டும், ‘செவிலிப் பணி தொழிலன்று, தொண்டு’ என்னும் முழக்கம் தமிழ்நாட்டு மேடைகளில் தவறாமல் ஒலிக்கிறது. பேச்சு ராணுவச் செவிலியரை நோக்கித் திரும்பினால் அதே முழக்கம் ‘நாட்டுக்கான தியாகம்’ என்றும் ‘வெள்ளுடைத் தேவதைகள்’ என்றும் இருமடங்காகப் பெருகுகிறது. போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரம், சிலமலை போன்ற மலையடிவார ஊர்களில் பிளஸ் டூ முடித்து அடுத்து என்ன படிப்பது என்று நிற்கும் பெண்ணின் காதிலும் இச்சொற்களே விழுகின்றன. ராணுவச் செவிலியர் என்பவர் லெப்டினன்ட் பதவியில் தொடங்கி மேஜர் ஜெனரல் வரை உயரக்கூடிய படை அதிகாரி என்னும் எளிய உண்மையை மறைத்து நிற்பதால், பாராட்டுப்போல் தோன்றும் இம்முழக்கத்தை வரிவரியாக மறுப்பது தேவையாகிறது.

முழக்கத்தின் முதல் தூண், செவிலிப் பணி பெண்ணுக்கு இயல்பாகவே வரும் தாய்மைக் குணத்தின் நீட்சி என்பதாகும். இந்த வாதத்தின் உண்மை மதிப்பைப் போடி வட்டாரத்தார் வேறெங்கும் சென்று கற்க வேண்டியதில்லை. விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களிடமே கற்கலாம். ஏலச்செடியின் அடித்தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில் எல்லாக் காய்களும் ஒன்றாக முற்றுவதில்லை. முற்றிய காயை மட்டும் கண்ணாலும் விரலாலும் அறிந்து, பிஞ்சு உதிராமல் நாள் முழுவதும் குனிந்தபடி எடுப்பது ஆண்டுக்கணக்கில் பழகிய தேர்ச்சி. அத்தேர்ச்சியைப் ‘பெண் விரலுக்கு இயல்பாக வருவது’ என்று சொல்லிவிட்டால் அது கற்ற திறனாகக் கணக்கில் ஏறாமல் போகிறது. கூலி பேசும்போது அந்த ‘இயல்பே’ கூலியைக் குறைக்கும் காரணமாகிறது. காயத்தின் கடுமையைக் கண்டு யாருக்கு முதலில் சிகிச்சை என்று முறைப்படுத்துவதும், அறுவை அரங்கில் கருவிகளை ஒழுங்குசெய்வதும், தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்கருவியின் அளவுகளைக் கண்காணிப்பதும் நான்காண்டுப் பட்டப்படிப்பில் கற்கும் அறிவே தவிர, பிறவியோடு வந்த குணமன்று.

இரண்டாவதாக, ‘கைவிளக்கேந்திய காரிகை’யான நைட்டிங்கேலே தொண்டின் வடிவம் என்று எடுத்துக்காட்டப்படுகிறார். விளக்கைப் பற்றிப் பேசுவோர் அவர் கையிலிருந்த புள்ளிவிவர ஏட்டைப் பற்றிப் பேசுவதில்லை. கிரிமியப் போரில் மடிந்த படைவீரர்களுள் பெரும்பாலோர் காயத்தால் இறக்கவில்லை, தடுக்கக்கூடிய நோயால் இறந்தனர் என்பதை வரைபடமாக்கி அரசின் முன் வைத்தவர் அவர். 1858-இல் லண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானவரும் அவரே. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலேயே, இந்தியாவிலிருந்த படையின் சுகாதார நிலை குறித்த அரச ஆணையத்தின் 1863-ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பெரும் உழைப்பை அளித்து, இங்கிருந்த பிரித்தானியப் படைவீரர்கள் ஆயிரத்துக்கு 69 பேர் என்ற விகிதத்தில் ஆண்டுதோறும் மடிவதை உலகறியச் செய்தார். விளக்கை மட்டும் நினைவில் வைத்து ஏட்டை மறந்தது தற்செயலன்று. விளக்கேந்தியவரை வணங்கலாம், ஏட்டேந்தியவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது வாதமே முழக்கத்தின் உயிர்நாடி: தொண்டு என்று போற்றுவதால் செவிலியருக்குப் பெருமைதானே, இழப்பு என்ன என்பது அது. இழப்பைச் சொல்ல வரலாறே போதும். 1888 மார்ச் 28 அன்று பத்துச் செவிலியர் பிரிட்டனிலிருந்து பம்பாயில் வந்திறங்கியதிலிருந்து இந்திய ராணுவச் செவிலிப் பணியின் கதை தொடங்குகிறது. 1926 அக்டோபர் 1 அன்றுதான் அது இந்திய ராணுவச் செவிலியர் பணி என்ற நிலையான அமைப்பாயிற்று. இரண்டாம் உலகப் போரின் நெருக்கடியில், 1943-ஆம் ஆண்டின் அவசரச் சட்டம்தான் அதன் உறுப்பினர் அனைவரையும் கமிஷன் பெற்ற அதிகாரிகள், அதாவது அரசுத் தலைமையின் நேரடி நியமனத்தால் அதிகாரம் பெற்றவர்கள், என்று அறிவித்தது. பம்பாயில் கால்வைத்த நாளிலிருந்து இதற்கு 55 ஆண்டுகள் பிடித்தன. அந்த 55 ஆண்டுகளிலும் அதே மருத்துவமனையில் அதே நோயாளியைக் கவனித்த ராணுவ மருத்துவர் பதவிப்பெயரோடும் அதிகாரத்தோடும்தான் இருந்தார். அவருடைய பணியும் உயிர்காக்கும் பணியே என்றாலும், தொண்டு என்ற ஒரு சொல்லைச் சூட்டி எவரும் அவரிடமிருந்து பதவியைத் தள்ளிவைக்கவில்லை. ‘பெயரிலேயே சேவை இருக்கிறதே’ என்போர், இந்திய ஆட்சிப் பணியின் ஆங்கிலப் பெயரிலும் அதே சொல் இருப்பதை மறந்துவிடுகின்றனர். மாவட்ட ஆட்சியரை எந்த மேடையும் தேவதை என்று அழைத்ததில்லை.

பதவி கிடைத்த பின்பும் தொண்டின் நிழல் விலகவில்லை. 1976-இல் கெர்ட்ரூட் ஆலிஸ் ராம் ராணுவச் செவிலியர் பணியின் தலைவராக மேஜர் ஜெனரல் பதவியை எட்டி, இந்திய ராணுவத்தில் அப்பதவி பெற்ற முதல் பெண்ணானார். மருத்துவம் சாராத பிரிவுகளில் பெண்கள் அதிகாரிகளாகச் சேர்க்கப்பட்டதோ அதற்கு 16 ஆண்டுகள் கழித்து, 1992-இல்தான். ஆனால் அவர் பதவியேற்ற மறு ஆண்டே வெளியான 1977-ஆம் ஆண்டின் 61-ஆம் எண் ராணுவ ஆணை, திருமணத்தைச் செவிலிய அதிகாரியின் பணிநீக்கத்துக்குரிய காரணங்களுள் ஒன்றாக வைத்தது. செகந்திராபாத் ராணுவ மருத்துவமனையில் லெப்டினன்டாக இருந்த ஒருவர் மணம்புரிந்ததன் பேரில் 1988-இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அந்த ஆணை 1995-இல் கைவிடப்பட்டது. அவருக்கு நீதி கிடைத்ததோ 2024 பிப்ரவரியில், அவ்விதி பாலினப் பாகுபாடே என்று கூறி 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோதுதான். தொழில் செய்பவருக்குக் குடும்பம் உண்டு என்பதை எந்த நிர்வாகமும் மறுப்பதில்லை. தேவதைக்குக் குடும்பம் எதற்கு என்றுதான் 1977-இன் ஆணை கேட்டது. ‘ராணுவ நர்ஸுக்கு வரன் அமையாது’ என்று மலையடிவார வீடுகளில் இன்றும் சொல்லப்படும் அச்சத்தின் வேரும் இதுவே; கைவிடப்பட்ட விதி முப்பது ஆண்டுகளாக ஊர்வாயில் உயிரோடிருக்கிறது.

எல்லாவற்றையும்விடத் தெளிவான சான்று சம்பளப் பட்டியலில் உள்ளது. படைவாழ்வின் இன்னல்களுக்கு ஈடாக அடிப்படை ஊதியத்தோடு சேர்த்து மாதந்தோறும் வழங்கப்படும் தனித்தொகைக்கு ராணுவப் பணி ஊதியம் என்று பெயர். ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி அத்தொகை மற்றப் படை அதிகாரிகளுக்கு 15,500 ரூபாயாகவும், செவிலிய அதிகாரிகளுக்கு 10,800 ரூபாயாகவும் வகுக்கப்பட்டது. இன்னலுக்கு ஈடுசெய்யும் தொகையில், தியாகத்தின் உருவம் என்று மேடைதோறும் போற்றப்படுபவருக்கே 4,700 ரூபாய் குறைகிறது. புகழ்ச்சிக்கும் ஊதியத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியை முழக்கமிடுவோர் ஒருமுறையேனும் விளக்கியதுண்டா?

துப்பாக்கி ஏந்தாதவர் படையினர் ஆகார் என்ற வாதத்துக்கு ஒரு வரி போதும்: துணைப்படை என்ற தனி வகுப்பாயினும் ராணுவச் செவிலியர் பணி ஒன்றியத்தின் ஆயுதப் படைகளின் பகுதியே என்று 1943-ஆம் ஆண்டுச் சட்டமே உரைக்கிறது, 2003-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

மலையடிவாரப் பெண்ணுக்கு இது எட்டாக்கனி என்பது கடைசி வாதம். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களோடு பிளஸ் டூவில் 50 விழுக்காடும், நீட் தேர்வு மதிப்பெண்ணும், அதன்பின் பொது அறிவுத்திறன்–ஆங்கிலத் தேர்வு, உளவியல் மதிப்பீடு, நேர்காணல், உடற்தகுதி ஆகியவையும் கேட்கப்படுகின்றன. தேர்வு கடினமானதுதான், ஆயினும் புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு ஆகிய ஆறு ஊர்களின் படைத்துறைச் செவிலியர் கல்லூரிகளில் இடம்பெறுபவருக்குத் தங்குமிடமும் உணவும் இலவசம், மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. மகளின் நர்சிங் படிப்புக்காகக் கடன் வாங்கும் ஏலத்தோட்டக் கூலிக் குடும்பத்துக்கு இச்செய்தியைச் சொல்லாமல் தியாகத்தைப் பற்றி மட்டும் சொல்வது, பசித்தவருக்கு விருந்தின் பெருமையைப் பாடிக் காட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே, அடுத்த மே 12 அன்று ராசிங்காபுரம் பகுதியில் மேடையேறுவோருக்கு ஒரு வேண்டுகோள். தேவதை, தியாகம், தொண்டு என்னும் மூன்று சொற்களையும் ஒருநாள் ஒதுக்கிவைத்துவிட்டு, அக்கல்லூரிகள் ஆறு, இடங்கள் 220, படிப்பு நான்காண்டு, அதன் முடிவில் கிடைப்பது தோளில் இரு நட்சத்திரங்களுடன் லெப்டினன்ட் பதவி என்னும் நான்கு செய்திகளை மட்டும் எதிரே அமர்ந்திருக்கும் பெண்களுக்குச் சொல்லுங்கள். மிச்சத்தை அவர்களே முடிவுசெய்துகொள்வார்கள்.