ஏழு மேஜை சுற்றிய ஃபைல்

சர்க்கார் ஆபீஸில் ஒரு ஃபைல் ஏழு மேஜை சுற்றும். மேஜைக்கு ஒரு குறிப்பு, ஒரு கையெழுத்து. முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்த புண்ணியவான் மட்டும் இருக்கமாட்டார். வாஸ்குலைட்டிஸ் பற்றிப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

நம் உடம்பின் காவல்படையே ரத்தக் குழாய்ச் சுவரைத் தாக்கிப் புண்ணாக்குவதற்கு இந்தப் பெயர். ரத்தக் குழாய் எங்கேதான் இல்லை? அதனால் வியாதி எங்கே வேண்டுமானாலும் தலைகாட்டும். மூக்கில் ஓயாத ரத்தம், பொருக்கு என்றால் ஈ.என்.டி. டாக்டர். இருமலில் ரத்தம் என்றால் நெஞ்சு டாக்டர். எக்ஸ்ரேயில் ஓட்டை தெரிந்தால் நம் ஊரில் முதல் சந்தேகம் டி.பி. மேல்தான். காலில் சிவப்புப் புள்ளிகளுக்கு ஸ்கின் ஸ்பெஷலிஸ்ட். திடீரென்று பாதத்தைத் தூக்க முடியவில்லையா, நரம்பு டாக்டர். அவரவர் மேஜையில் அவரவர் கெட்டிக்காரர். ஆனால் ஸார், ஃபைல் ஒன்றுதான்!

இதில் அழுத்தமான ஆசாமி சிறுநீரகம். வலிக்காது, முனகாது, சத்தமில்லாமல் ஸ்டிரைக் செய்யும். காட்டிக்கொடுப்பது சாதாரண யூரின் டெஸ்ட். ரத்த அணுவும் புரதமும் சேர்ந்து தெரிந்தால் அலட்சியம் கூடாது. அப்புறம் 'ஆன்கா' என்று ஒரு ரத்தப் பரிசோதனை. அது பாஸிட்டிவ் என்றதும் முத்திரை குத்திவிட முடியாது, டி.பி.யிலும் இதய வால்வுத் தொற்றிலும்கூட அப்படி வரலாம். அதனால் முடிந்தவரை பாதித்த இடத்தில் துளி சதை எடுத்து பயாப்ஸி பார்ப்பார்கள்.

கோவிட் சமயத்தில் டி.வி.யில் அடிக்கடி வந்தாரே, அமெரிக்க டாக்டர் ஆன்டனி ஃபவுச்சி, அவர் வாலிபத்தில் பேர் வாங்கியது இந்த வியாதியில்தான். மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் மூன்றையும் பிடிக்கும் ரகத்தில், வைத்தியமில்லாதவர்களில் பெரும்பாலோர் ஒரு வருஷம் தாண்டவில்லை. 1970களில் அவரும் ஷெல்டன் உல்ஃபும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்கிற கேன்சர் மருந்தைக் குறைந்த அளவில், ஸ்டீராய்டோடு கொடுத்துப் பார்த்தார்கள். கதை தலைகீழானது. இன்றைக்கு ரிடுக்சிமாபும் இருக்கிறது. மருந்து தயார், கண்டுபிடிப்பதில்தான் மாசக்கணக்கில் தாமதம்.

எனவே, விடாத காய்ச்சல், எடைக் குறைவோடு நாலு டாக்டரிடம் நாலு கம்ப்ளெயின்ட்டுக்கு அலைகிற நண்பர் இருந்தால், எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒரு பொது மருத்துவரிடமோ ருமட்டாலஜிஸ்டிடமோ நீட்டி, "டாக்டர், இதெல்லாம் ஒரே வியாதியா இருக்குமா?" என்று கேட்கட்டும்.

மற்றபடி, இது அபூர்வ வியாதி. இதைப் படித்துவிட்டு மூக்கைச் சிந்தி உற்றுப் பார்த்து ஆபீஸுக்கு லீவ் லெட்டர் எழுதாதீர்கள். ஜலதோஷம் பெரும்பாலும் வெறும் ஜலதோஷம்தான்.