உம்மாவுக்கும் விடுமுறை



தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, நம் திருகோணமலைக்கு வறண்ட கச்சானாக வந்து சேர்கிறது. கிணறு வற்றுகிறது, குசினி கொதிக்கிறது. பிள்ளைகளோ நிலாவெளிக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் போகக் கேட்கிறார்கள்.

நாங்களும் நிலாவெளிக்குப் போனோம். பிள்ளைகளின் உம்மா சுபஹுக்கு முன்பே எழுந்து சோறும் கறியும் ஆக்கினார். நாங்கள் குளித்துக் கரையேறியபோது அவர் மர நிழலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கடலை அவர் பார்க்கவேயில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

இந்த வெயிலில் தேங்காய்ப்பால் கறி சீக்கிரம் புளித்துவிடும். ரொட்டியும், மாசி போட்டு வதக்கிய சீனிச்சம்பலும், ஒரு வத்தகப்பழமும் போதும். சம்பலை முதல்நாளே செய்து வைக்கலாம். வளவைப் பிள்ளைகளிடம் விடுங்கள். அரிசி கழுவிய நீரையும் வுழூச் செய்த நீரையும் மாலையில் முருங்கைக்கும் பொன்னாங்காணிக்கும் ஊற்றி, அடியில் சருகு பரப்பினால் ஈரம் நிற்கும்.

நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவியாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. ரொட்டிக்கு மாக் குழைப்பது ஆண்களுக்கு இழுக்கல்ல. இதை வாப்பாமாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.